சத்து மாத்திரைதானே

“வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லை சார்” என்றேன். மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. அந்த டப்பா அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது. ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீடுகளில் அதற்கு வேறு பெயர் இருக்கிறதே, சத்து மாத்திரை என்று.

அந்த ஒரு பதிலால் ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அவசரப் பிரிவில் படுத்துக் கிடந்தேன். இப்போது உடம்பு தேறிவிட்டது. மனசும் முக்கால்வாசி தேறிவிட்டது. நான் சாப்பிட்ட 5-ஹெச்டிபி என்ற மாத்திரையை இன்று வேறு யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். வீடு திருநகரில். போன தை மாதம் உசிலம்பட்டியில் அம்மா தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகு பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், சமைத்தேன், துணி துவைத்தேன். எல்லாம் நடந்தது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு டக்கென்று விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடிகிற வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். திருப்புதல் தேர்வுப் பேப்பர் கட்டு பத்து நாள் அவிழ்க்காமலே மேஜையில் கிடந்தது. இருபது வருஷ வேலையில் என் மேஜையில் அப்படி ஒரு கட்டு கிடந்ததில்லை. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று வாயில் வைத்தும் தெரியவில்லை. “அம்மா போன துக்கம், போகப் போகச் சரியாயிரும்” என்றார்கள். குலசாமி கோயிலுக்கும் போய்விட்டு வந்தோம். பங்குனி வந்தது, சித்திரை வந்தது. சரியாகவில்லை.

அப்போதுதான் சென்னையில் இருக்கும் தம்பி கூரியரில் ஒரு டப்பா அனுப்பினான். 5-ஹெச்டிபி. அமெரிக்கத் தயாரிப்பு, ஆன்லைனில் வாங்கியது. “அக்கா, இது கெமிக்கல் இல்லை. ஒரு விதையில இருந்து எடுக்குறாங்க. நானே சாப்பிடுறேன். மனசு லேசாகும், தூக்கம் வரும்.”

விதை என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. தேடிப் பார்த்தேன். கிரிஃபோனியா சிம்ப்ளிசிஃபோலியா. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா பக்கம் வளரும் ஏறு கொடி. நம் அவரை, மொச்சை எந்தக் குடும்பமோ அதே குடும்பம். உசிலம்பட்டி மொச்சைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று நினைத்ததும் அந்த டப்பாமேல் ஒரு பாசமே வந்துவிட்டது. இங்கேதான் நான் நிதானித்திருக்க வேண்டும். அரளி விதையும் விதைதான். எங்கள் ஊர்ப் பக்கம் அதை எதற்கெல்லாம் அரைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாததா? செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் சாதுவாகிவிடாது என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறவள் நான்.

அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும்.

டிரிப்டோஃபேன் என்று ஒரு அமினோ அமிலம். நம் உடம்பால் அதை உண்டாக்க முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். பால், முட்டை, மீன், நிலக்கடலை, எள், பூசணி விதை எல்லாவற்றிலும் இருக்கிறது. இதிலிருந்து உடம்பு முதலில் 5-ஹெச்டிபியை உண்டாக்கும். பிறகு அதைச் செரடோனினாக, அதாவது நரம்புகளுக்கிடையே சேதி கொண்டுபோகும் ரசாயனமாக மாற்றும். மனநிலை, தூக்கம், பசி, குடல் அசைவு எல்லாவற்றிலும் செரடோனினுக்குப் பங்கு உண்டு. ராத்திரித் தூக்கத்துக்கான மெலடோனினும் செரடோனினிலிருந்துதான் வருகிறது.

சரி, அப்படியானால் நாலு முட்டை சேர்த்துச் சாப்பிட்டால் போதாதா? போதாது. மூளைக்குள் போகும் வாசலில் டிரிப்டோஃபேனோடு லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் எல்லாம் ஒரே கதவுக்கு முட்டி மோதுகின்றன. காலை எட்டரைக்குத் திருநகர் ஸ்டாப்பில் டவுன் பஸ் நின்றால் எப்படி இருக்கும்? அந்தக் கூட்டம்தான். புரதச் சாப்பாட்டில் டிரிப்டோஃபேன்தான் எண்ணிக்கையில் குறைவு, அதனால் அது படியிலேயே நின்றுவிடும். 5-ஹெச்டிபிக்கு இந்த நெரிசல் இல்லை, சுலபமாக உள்ளே போய்விடும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. டிரிப்டோஃபேன் 5-ஹெச்டிபியாக மாறும் இடத்தில் ஒரு நொதி நின்று, எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று மட்டுப்படுத்துகிறது. கப்பலூர் டோல்கேட் மாதிரி. மாத்திரையாக விழுங்கும் 5-ஹெச்டிபி டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குகிற வண்டி. உடம்பு தனக்கென்று வைத்திருக்கும் கட்டுப்பாட்டைத் தாண்டிவிடுகிறது. இது நன்றாக வேலை செய்யும் என்று சொல்பவர்கள் காட்டும் காரணமும் இதுதான், ஆபத்துக்குக் காரணமும் இதுதான். முட்டைக்கும் கடலைக்கும் ஆகாத ஒன்று இந்த மாத்திரைக்கு ஆவது இதனால்தான்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு 50 மி.கி. என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் முழுக்கக் குமட்டல். நம் உடம்பில் இருக்கும் செரடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. மாத்திரையில் ஒரு பகுதி அங்கேயே செரடோனினாக மாறி வயிற்றைப் புரட்டும். இரண்டாவது வாரம் குமட்டல் அடங்கியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மணி ஐந்தே முக்கால். எத்தனை மாதம் கழித்து! அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். அந்த நன்றியை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அதே வாரம் கோடை விடுமுறையும் தொடங்கியிருந்தது. ஆறு மணி பஸ் பயம் இல்லை, பேப்பர் கட்டு இல்லை. தூங்க வைத்தது மாத்திரையா, லீவா, ‘ஏதோ ஒன்று செய்கிறோம்’ என்ற தைரியமா? என் ஒருத்தி அனுபவத்தை வைத்து இதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. அதற்குத்தான் ஆய்வுகள். 2000-களின் தொடக்கத்தில், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு மனச்சோர்வுக்கு டிரிப்டோஃபேன், 5-ஹெச்டிபி இரண்டும் உதவுகின்றனவா என்று அலசியது. 108 ஆய்வுகளை எடுத்துப் பார்த்ததில், நம்பி எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் சேர்த்து 64 பேர். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட இவை பரவாயில்லை என்று அந்த 64 பேரிடம் தெரிந்தது, ஆனால் பரிந்துரைக்க இந்த ஆதாரம் போதாது என்று முடித்திருந்தார்கள். என் வகுப்பில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தாலே 64-ஐத் தாண்டிவிடும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. மருந்தால் மனச்சோர்வு சரியானவர்களுக்கு, டிரிப்டோஃபேன் மட்டும் இல்லாத அமினோ அமிலக் கலவையைக் குடிக்கக் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். சில மணி நேரத்திலேயே சிலருக்குப் பழைய சோர்வு திரும்பியது. ஆக, இந்த அமினோ அமிலத்துக்கும் மனசுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. தொடர்பு இருப்பதும், டப்பாவில் வாங்கி விழுங்கினால் குணமாவதும் ஒன்றாகிவிடாது, அவ்வளவுதான்.

தூக்கம் வந்தது, மனசு எழும்பவில்லை. வைகாசியில் 100 ஆக்கினேன், பிறகு காலையும் ராத்திரியும் நூறு நூறு. யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை. எனக்கு இப்போது அதிகமாக வலிப்பது இதுதான். பக்கவிளைவைக்கூட விட்டுவிடலாம், அந்த இரண்டு மாதம் ஒரு டாக்டரைப் பார்க்காமல் போய்விட்டதே. ‘கவனித்துக்கொண்டுதானே இருக்கிறோம்’ என்று டப்பா என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தது.

பள்ளி திறந்து ஆனி பிறந்ததும் வீட்டுக்காரர் பிடிவாதமாக அண்ணா நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.9. மாதவிலக்கு நிற்கப் போகிற வயது, ஏழெட்டு மாதமாக ரத்தப்போக்கு அதிகம், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அசதியில் பாதிக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் காரணமாக இருந்திருக்கும். எந்த அமினோ அமிலம் அதைச் சரிபண்ணும்? மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரை 5 மி.கி. கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து 10. குணம் தெரிய இரண்டு, நாலு வாரம் ஆகும் என்றார். அதுவரைக்கும் இது தாங்கட்டும் என்று நான் 5-ஹெச்டிபியையும் விடவில்லை. அவர் கேட்டதற்கு “இல்லை சார்” என்று சொன்னவள்தானே. நடுவில் சாக்பீஸ் தூசியில் வறட்டு இருமல், மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கி இரண்டு நாள் குடித்தேன்.

பத்து மில்லிகிராம் ஆக்கி நாலாவது நாள். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயதில் அம்மா கற்றுக்கொடுத்த கட்டு. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். அன்றைக்கு நார் விரலில் நிற்கவில்லை. சுருக்கு விழும் முன்பே பூ உதிர்ந்தது. விரலைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. பசி என்று நினைத்து ஒரு டம்ளர் பால் ஆற்றினேன், டம்ளர் கையில் தாளம் போட்டது. மத்தியானத்திலிருந்து நாலு தடவை வயிற்றுப்போக்கு வேறு. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் ஜாக்கெட் முழுக்க வேர்வை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, உள்ளே யாரோ விரட்டுகிற மாதிரி ஒரு பரபரப்பு. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றினார்.

அவசரப் பிரிவில் இருந்தது சின்ன வயது டாக்டர் அம்மா. நாடி 128. காய்ச்சல் நூறுக்கு மேல். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், கண் பாப்பா விரிந்திருந்தது. அப்புறம் என் பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று மேலே தள்ளி அப்படியே வைத்துக்கொண்டார். பாதம் நிற்கவில்லை. நான் ஆட்டவில்லை, அவரும் ஆட்டவில்லை, அதுவே மேலும் கீழும் அடித்துக்கொண்டது. தையல் மெஷின் மிதி மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன், என் கால் என்றே தோன்றவில்லை. அவர் முகம் மாறியது. வீட்டுக்காரரைப் பார்த்து, “வீட்டுல டீச்சர் வாயில போடுற பொருள் எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க. டானிக், லேகியம், சத்து மாத்திரை, ஒண்ணையும் விடாதீங்க” என்றார்.

மஞ்சப்பை ஒன்றில் எல்லாம் வந்தது. மேஜையில் கொட்டினார்கள். எஸ்சிட்டலோபிராம் அட்டை, 5-ஹெச்டிபி டப்பா, இருமல் சிரப். மூன்றையும் தனியாக எடுத்து வரிசையாக வைத்தார். “டீச்சர், இது மூணும் ஒரே இடத்துலதான் வேலை செய்யுது.” மொட்டை மாடித் தொட்டியை வைத்துச் சொன்னார். 5-ஹெச்டிபி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். எஸ்சிட்டலோபிராம், செரடோனினை நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுப்பது, அதாவது தண்ணீர் இறங்கும் குழாயைக் கொஞ்சம் மூடி வைப்பது. சிரப்பில் இருந்த டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் அதே குழாயில் ஒரு துணியை அடைப்பதுதான். மோட்டாரும் ஓடுகிறது, குழாயும் அடைபட்டால்? செரடோனின் சின்ட்ரோம் என்று பெயர். எனக்கு வந்தது தீவிரமானதில்லை. தீவிரமானால் காய்ச்சல் ஏறிக்கொண்டே போய், உடம்பு விறைத்து, வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்றையும் நிறுத்தினார்கள். சலைன் போட்டார்கள், படபடப்பு அடங்க ஊசி போட்டார்கள். கூடினால் கொடுப்பதற்கு சைப்ரோஹெப்டடின் என்ற மாத்திரை தயாராக இருந்தது. பிள்ளைகளுக்குப் பசி எடுக்க மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கிறோமே, அதில் இருப்பதும் இதே மருந்துதான். எனக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் சாயங்காலம் பாதத்தைத் தள்ளிப் பார்த்தார்கள், சும்மா இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு படித்ததில் கொஞ்சம். 5-ஹெச்டிபியோ டிரிப்டோஃபேனோ சேரக் கூடாதவை மனச்சோர்வு மாத்திரைகளும் இருமல் சிரப்பும் மட்டுமில்லை. டிரமடால் என்று ஒரு வலி மாத்திரை உண்டு, மூட்டுவலி, முதுகுவலிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு எழுதிக் கொடுப்பது. அதோடும் சேராது. லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேராது. ஒத்தைத் தலைவலிக்குப் போடும் டிரிப்டான் வகை மாத்திரைகளோடும் கவனம் வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் தானாக எடுக்கவே கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இதைப் படித்துவிட்டு யாரும் பயத்தில் டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அது தனிக் கஷ்டம். கேள்வி இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் டப்பாவைக் காட்டுங்கள்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. 1989-ல் அமெரிக்காவில், தூக்கத்துக்கும் மனசுக்கும் டிரிப்டோஃபேன் சாப்பிட்டவர்களுக்குத் தாங்க முடியாத தசைவலியும், ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாகக் கூடுவதும் வந்தது. 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது 37 பேர் செத்துப்போனார்கள். ஒரு ஜப்பானியத் தயாரிப்பாளரின் சரக்கில் கலந்திருந்த கசடுதான் காரணம் என்று பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள். அந்த மக்கள் எல்லாரும் என்னைப் போலச் சத்து மாத்திரை என்று நினைத்துத்தான் வாங்கியிருப்பார்கள். 1994-ல் அங்கே வந்த சட்டப்படி, சத்துப் பொருளை விற்பதற்கு முன்னால் அது பலன் தரும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. என் டப்பாவின் பின்பக்கத்தை அப்புறம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். எந்த நோயையும் குணப்படுத்தவோ தடுக்கவோ இது உத்தேசிக்கப்படவில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் அந்த வரியின்மேல் விரலை வைத்துத்தான் மூடியைத் திறந்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அம்மா சின்ன வயதில் சோளச்சோறுதான் சாப்பிட்டதாகச் சொல்வார், அதோடு மொச்சைக் குழம்போ பருப்போ கண்டிப்பாக இருக்கும். சோளத்தையே நம்பி இருந்த ஹைதராபாத் பக்கத்து ஏழைகளுக்குப் பெல்லாக்ரா வந்ததை, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஆராய்ந்திருக்கிறார். தோல் கருத்து வெடிக்கும், வயிறு போகும், மனசும் குழம்பும் நோய் அது. சோளத்தில் லூசின் அதிகம், அது டிரிப்டோஃபேன், நியாசின் (பி3 வைட்டமின்) கணக்கைக் குலைக்கிறது என்று 1960-ல் லேன்செட் இதழில் எழுதினார். ஒரு அமினோ அமிலம் கூடினால் இன்னொன்றின் கணக்கு கெடலாம் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. அதனால் தனியாக ஒன்றை மாத்திரையாக ஏற்றாமல் சாப்பாட்டையே நம்பச் சொன்னார் டாக்டர்: முட்டை சாப்பிடுங்க, பால் குடிங்க, கடலை, மொச்சை எல்லாம் எவ்வளவு வேணாலும் சாப்பிடுங்க, சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபேனை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

கொஞ்ச நாள் இடைவெளி விட்டு மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராமை மட்டும் 5-லிருந்து மறுபடி ஆரம்பித்தார். கூடவே இரும்புச்சத்து மாத்திரை. அதன் பெயரையும் இப்போது எந்த டாக்டரிடமும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வாரம் குழம்பில் உப்பு தெரிந்தது. தனியாகத் தவிக்கிறவர்கள் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் தம்பியைக் கூப்பிட்டேன். திட்டவில்லை. பாவம், அக்கா நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அனுப்பினான்.

“நீ ஏதாச்சும் மருந்து சாப்பிடுறியாப்பா?”

“இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன். ஒத்தைத் தலைவலி வந்தா மட்டும் டாக்டர் குடுத்த சுமாட்ரிப்டான் போடுவேன்.”

“சத்து மாத்திரை?”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். மூன்றாவதாக வந்தது 5-ஹெச்டிபி. நாலாவதும் ஒன்று இருந்தது.

“இதெல்லாம் மருந்தாக்கா?”

“நாலையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டுபோய் வை. அவர் சொல்லட்டும்.”

திங்கட்கிழமை மத்தியானம், மூன்றாவது பீரியட் முடிந்து வெளியே வந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்திருந்தது. ஏதோ கிளினிக் பெஞ்சு, அவன் முழங்கால், அதன்மேல் ஒரு துணிப்பை. பைக்குள் நாலு மூடிகள் தெரிந்தன.